மருந்துத் துண்டும் தவணைத் திகதியும்: போதைக்குப் பழகிய மலையகப் பிள்ளைகள்

டிசம்பர் போயாவோடு சிவனொளிபாத மலை சீசன் தொடங்கினால் வெசாக் வரைக்கும் ஹட்டன் டவுனில் வண்டிச் சோதனை ஓயாது. மோப்ப நாய் ஒரு வேனுக்குள் ஏறி இறங்கும். பையின் அடியில் கஞ்சாப் பொட்டலமோ, ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின் பக்கெட்டோ, மாத்திரைக் கார்டோ அகப்படும். மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வரும்: இத்தனை இளைஞர் கைது, நீதவான் முன்னிலையில் ஆஜர், பிணை அல்லது விளக்கமறியல். செய்தி அத்தோடு சரி. பிடிபட்டவர்களில் யார் விளையாட்டுக்குப் புகைத்தவன், யார் அது இல்லாமல் காலையில் எழும்ப முடியாதவன் என்று பிரித்துப் பார்த்ததாக ஒரு செய்தியிலும் நான் வாசித்ததில்லை.

சீசனில் அகப்படுகிறவர்களில் பலர் வெளியூர்க்காரர். தோட்டத்துப் பிள்ளைகள் பிடிபடுவது இவ்வளவு ஆரவாரமாக நடக்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓட்டோ தரிப்பிடத்தில், வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே பைனஸ் காட்டோரத்தில் என்று சத்தமில்லாமல் நடக்கும். வயது பதினாறு, பதினேழு இருக்கும். பாடசாலையை விட்டு ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கொழும்பில் ஒரு கடையிலோ ஹோட்டலிலோ வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவனாகவும் இருக்கலாம். அவனுடைய வழக்கு எப்படிப் போகும், அதில் சிகிச்சை எந்த இடத்தில் குறுக்கிடும், எந்த இடத்தில் குறுக்கிடாமலே போகும் என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் போதைக்குப் பழகிய ஒரு பிள்ளை டொக்டரிடம் போவதென்றால், அநேகமாகப் பொலிஸ் ஸ்டேஷன் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த வழியில் போகிறவனுக்கு நீதிமன்றத் தவணைத் திகதி தவறாமல் கிடைக்கும். கிளினிக்கில் எழுதித் தருகிற மருந்துத் துண்டு கிடைத்தால் அது அவன் அதிர்ஷ்டம்.

எதைப் பாவித்தான் என்று முதலில் கேட்க வேண்டும்

'போதை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தோட்டத்தில் பலருக்கு முதல் படி மெல்லுவதுதான். பாக்கும் புகையிலையும் சேர்ந்த பாபுல், மாவா வகையறாக்கள். இந்த மெல்லும் பக்கெட்டுகளை 2016இல் அரசாங்கம் தடை செய்தது. தடைக்குப் பிறகும் கடையின் பின்பக்கத்தில் கை மாறுகிறது. ஆயுர்வேதக் கடையில் லேகியம் என்ற பெயரில் மதனமோதகம் விற்கிறது. அதில் கஞ்சா சேர்கிறது என்பது வாங்கும் பிள்ளைக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தைப் பற்றி எழுதப் போனால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். சாராயத்தைப் பொறுத்தவரை, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மதுவும் விற்கக் கூடாது, சிகரெட்டும் விற்கக் கூடாது. சம்பள நாளில் அப்பாவுக்கு அரைப்போத்தல் வாங்க ஓடி வருகிற பையனிடம் எந்தக் கடைக்காரர் வயது கேட்கிறார்?

அப்புறம் மாத்திரை. நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற பிரிகபலின்தான் இன்று பிள்ளைகள் வாயில் அதிகம் அடிபடும் பெயர். கொழும்புப் புறக்கோட்டையில் காலை ஏழு மணியிலிருந்து இரவு வரை நின்றே வேலை செய்கிறவனுக்கு, "இதைப் போட்டா கால் வலி தெரியாதுடா" என்று கூட வேலை செய்கிற ஒருவன் கொடுப்பான். அங்கிருந்து கேரளக் கஞ்சா, ஐஸ், ஹெரோயின் என்று வழி போகும். எல்லோரும் அந்த வழியில் போவதில்லை. பாதியில் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். யார் திரும்புவான், யார் திரும்ப மாட்டான் என்று பார்த்துச் சொல்வதுதான் முதல் வைத்தியம்.

ஹெரோயின் பழகியவன் நிறுத்தினால் எட்டுப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் உடம்பு கேட்கத் தொடங்கும். மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எலும்பு நோவு, தூக்கமின்மை. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். ஒரு வாரம் பத்து நாளில் தணியும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் உயிராபத்து குறைவு. நீண்ட காலம் நிறையக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கதை வேறு. கை நடுக்கம், வலிப்பு, பிரமை என்று போய் உயிரையே எடுக்கலாம். பிரிகபலினைக் கூடிய அளவில் பாவித்து ஒரேயடியாக விட்டாலும் வலிப்பு வரக்கூடும். ஐஸுக்கு இந்த மாதிரி உடம்பு வருத்தம் அவ்வளவு இல்லை. இரண்டு மூன்று நாள் செத்தவன் போலத் தூங்குவான். பிறகு மனச்சோர்வு வரும், சிலருக்கு யாரோ துரத்துகிறார்கள் என்ற சந்தேகம் வரும். ஐஸ் பழக்கத்துக்கென்று இதுதான் மருந்து என்று ஒப்புக்கொள்ளப்பட்ட மாத்திரை உலகத்தில் இன்னும் இல்லை. அதற்கு இருக்கிற வைத்தியம் பேச்சுத்தான். பேச்சு என்றதும் மொழி வந்துவிடுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பதினாலு நாள் கணக்கு

விளக்கமறியல் என்றால் நம் ஊரில் வழக்கமாகப் பதினாலு நாள். இந்தக் கணக்கையும் மேலே சொன்ன கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடம்பு படுகிற பாடு முழுவதும் அந்த முதல் தவணைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் டொக்டர் கண்ணில் படாமலே. இரண்டாம் தவணைக்கு வரும்போது பையன் முகம் தெளிந்து, கன்னம் வைத்து நிற்பான். அம்மாவுக்குச் சந்தோஷம். "உள்ளுக்குப் போனது ஒரு வகையில நல்லதாப் போச்சு" என்பார். பொலிஸ்காரரும் அதையே சொல்வார். சட்டத்தரணி குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வார். தண்டப்பணத்தோடு கோப்பு மூடும்.

தண்டப்பணம் எங்கிருந்து வருகிறது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சீட்டுப் பணம், இல்லாவிட்டால் தோடு அடகு.

வழக்கு சீக்கிரம் முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியடைகிற இந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. போதைப் பழக்கம் மூளையில் ஏற்படுத்திய மாற்றம் இரண்டு வாரத்தில் போகாது. இளம் வயதில், ஆசையை அடக்கி யோசிக்கிற முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பழைய கூட்டாளி, பழைய இடம், பழைய மணம் ஏதாவதொன்று போதும், ஆசை கிளம்பிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நிறுத்தியிருந்த நாட்களில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். வெளியே வந்தவன் பழைய ஞாபகத்தில் பழைய அளவு ஹெரோயினை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். சிறையிலிருந்தோ புனர்வாழ்வு முகாமிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு மிக ஆபத்தான காலம் என்பது உலகம் முழுவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். பிள்ளையைக் கூட்டிப் போக வந்த அம்மாவிடம் இதை யாராவது சொல்லி அனுப்புகிறார்களா? நான் விசாரித்த குடும்பங்களில் ஒன்றுக்கும் சொல்லப்பட்டிருக்கவில்லை.

சட்டம் எந்த வயதில் எங்கே நிறுத்துகிறது

நம்முடைய சிறுவர் நீதி அமைப்பின் அத்திவாரம் 1939இல் போட்டது. அந்த வருஷம் இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. ஒன்று சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். மற்றது 16 வயதுக்கு மேல் 22 வயதுக்குட்பட்ட இளம் குற்றவாளிகளைச் சிறைக்குப் பதிலாகப் பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்புவதற்கானது. முதல் சட்டம் 14 வயதுக்குட்பட்டவரைச் சிறுவர் என்றும், 14க்கும் 16க்கும் இடைப்பட்டவரை இளம் ஆள் என்றும் வகுத்தது. பதினாறு தாண்டியவன் பல தசாப்தங்களாக அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றான். 2022இல் வந்த திருத்தம்தான் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் சிறுவர் என்று உள்ளே எடுத்தது. எத்தனை வயதிலிருந்து ஒரு பிள்ளை குற்றத்துக்குப் பொறுப்பு என்பதும் நீண்ட காலம் எட்டாகவே கிடந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பன்னிரண்டாக்கியது. பன்னிரண்டுக்கும் பதினாலுக்கும் இடையில் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் பையன்களுக்குப் பிரம்படி கூட ஒரு தீர்ப்பாக இருந்தது. நீக்கப்பட்டது 2005இல்.

சிறுவருக்கென்று தனி நீதிமன்றம் நாட்டில் மிகச் சில இடங்களில்தான். மற்ற இடங்களில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமர்கிறது. நீதவான் முன்னால் இருக்கிற வழிகள் மோசமில்லை. கண்டித்து விடலாம், பெற்றோரிடம் பிணைமுறி வாங்கலாம், நன்னடத்தைக் கட்டளை போடலாம், தங்கவைத்துத் திருத்துகிற சான்று பெற்ற பாடசாலைக்கு அனுப்பலாம். ஊவாவில் கெப்பெட்டிபொல, வடக்கில் அச்சுவேலி என்று அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. வயது கூடிய இளைஞர்களுக்குப் பதுளை மாவட்டத்தில் தல்தென சீர்திருத்த நிலையம் இருக்கிறது.

இந்த வழிகளில் நன்னடத்தைக் கட்டளைதான் சிகிச்சைக்கு மிகக் கிட்டியது என்பது என் அபிப்பிராயம். பிள்ளை வீட்டில் இருப்பான். உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். நீதிமன்றம் நிபந்தனை போடலாம். இன்ன கிளினிக்குக்கு இத்தனை மாதம் போக வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனையாக இருக்கலாம். புதிதாக ஒரு சட்டமும் தேவையில்லை, 1944இலேயே நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது.

தடங்கல் நிர்வாகத்தில் இருக்கிறது. நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 1987க்குப் பிறகு மாகாண சபைகளுக்குப் போயின. மலையகம் என்று நாம் சொல்வது மத்திய, ஊவா, சப்ரகமுவ என்று மூன்று மாகாணத்தில் கிடக்கிறது. லுணுகலைப் பையன் ஹட்டனில் பிடிபட்டால் வழக்கு ஒரு மாகாணத்தில், வீட்டைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டிய உத்தியோகத்தர் இன்னொரு மாகாணத்தில். அறிக்கை வரவில்லை என்று ஒரு தவணை. பிடிபட்டது என்ன பொருள் என்று சொல்லும் அரச பகுப்பாய்வாளர் அறிக்கை வரவில்லை என்று இன்னொரு தவணை.

ஒவ்வொரு தவணை நாளிலும் அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியாது. பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் ஆறு தவணை என்றால் 8,100 ரூபாய் போய்விட்டது. பஸ் காசு இதில் சேரவில்லை.

முகாம் என்கிற குறுக்கு வழி

போதைச் சிகிச்சைக்கென்று 2007இல் தனிச் சட்டம் ஒன்று வந்தது. போதைப்பொருளில் தங்கியிருப்பவர் தானாகவும் சிகிச்சைக்குப் போகலாம், நீதவான் வைத்தியப் பரிசோதனைக்குப் பிறகு கட்டாயமாகவும் அனுப்பலாம். கட்டாயமாக என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தகாடும் சேனபுரவும். முன்னாள் போராளிகளுக்குப் புனர்வாழ்வு நடத்திய அதே பணியகத்தின் இடங்கள். 2023இல் புனர்வாழ்வுப் பணியகத்துக்கென்று சட்டமும் நிறைவேறியது.

இவை சிறுவருக்கான இடங்கள் அல்ல. ஆனால் தோட்டத்தில் ஒரு பதினேழு வயதுப் பையனைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரியவர் வாயில் வருகிற முதல் சொல் "கந்தகாட்டுக்கு அனுப்பினாத்தான் சரி வரும்" என்பதுதான். மிரட்டலும் அதுதான், நம்பிக்கையும் அதுதான். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததை அடுத்துக் குழப்பம் மூண்டு நூற்றுக்கணக்கானவர்கள் வெளியேறி ஓடியதை அவர்களும் டீவியில் பார்த்தவர்கள்தான். கட்டாயத் தடுப்பு முகாம்களை மூடிவிட்டு, விருப்பத்தோடு ஊரிலேயே பெறுகிற சிகிச்சைக்கு மாறும்படி ஐ.நா. அமைப்புகள் 2012லேயே கூட்டாகச் சொல்லிவிட்டன. 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் தொடங்கிய பொலிஸ் நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானவர்கள் கைதானபோதும் ஐ.நா. நிபுணர்கள் அதே எச்சரிக்கையைத் திரும்பச் சொன்னார்கள்.

பெரியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில், அதாவது காம்பராவில், தாய், தகப்பன், அக்கா, தம்பி எல்லோரும் படுக்கிற இடத்தில், இரவு இரண்டு மணிக்கு ஒருவன் கத்திக்கொண்டு சுவரில் தலையை இடித்தால் அடுத்த காம்பராக்காரரும் விழித்திருக்க வேண்டும். காலையில் எல்லோருக்கும் பெரட்டு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரம், இருக்கிறது. 'எங்கேயாவது கொண்டுபோய் விட்டால் போதும்' என்பது அந்தச் சுவருக்குள்ளிருந்து வருகிற வார்த்தை.

அந்த நாலு வார்த்தை

சில வருஷங்களுக்கு முன்னர் பக்கத்து டிவிஷன் பையன் ஒருவனுக்குத் துணையாக ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். இடத்தின் பெயர் வேண்டாம். ஆற்றுப்படுத்துனர் ஒரு சிங்கள அம்மா. நல்ல மனுஷி, அவசரமே இல்லாதவர். பையனுக்குச் சிங்களம் கடைச் சாமான் வாங்குகிற அளவுக்குத் தெரியும். மொழிபெயர்க்க அங்கே காவலுக்கு நின்றவரைக் கூப்பிட்டார்கள்.

அந்த அம்மா பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஒரு நிமிஷம் கேட்டார். ஆசை வருகிற நேரத்தில் உடம்பில் எங்கே முதலில் தெரிகிறது, நெஞ்சிலா, கையிலா, அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும், யாராவது ஏசினார்களா, தனியாக இருந்தாயா, என்று எனக்கு விளங்கிய மட்டில். காவலர் பையனிடம் திரும்பி, "திரும்பக் குடிக்க ஆசை வருதா?" என்றார்.

பையன் நிமிர்ந்து நின்று, "இல்ல சேர்" என்றான்.

அந்த அம்மா கோப்பில் ஏதோ எழுதினார். ஆசை இல்லை என்று எழுதியிருப்பார், வேறென்ன எழுதுவார்? எனக்கு வாய் வரை வந்தது. குறுக்கே பேசினால் பையனுக்குக் கெடுதலாகிவிடுமோ என்று விழுங்கிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தமிழ் 1987இலிருந்து ஆட்சிமொழி. பலகையிலும் படிவத்திலும் அது தெரிகிறது. ஆனால் மனசுக்குள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டிய வைத்தியத்தில், சொல்கிறவன் பேசும் மொழி கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஐஸுக்கு மருந்து பேச்சுத்தான் என்று முன்னே சொன்னேன் அல்லவா? அந்தப் பேச்சு காவலர் வாயால் நாலு வார்த்தையாகி வந்தால், மருந்தில் முக்கால்வாசி வழியிலேயே கொட்டிப்போனது போலத்தான். கொழும்புத் தமிழோ யாழ்ப்பாணத் தமிழோ பேசுகிற ஆற்றுப்படுத்துனர் வந்தாலே பிள்ளைகள் சிலர் கூச்சப்படுகிறார்கள், 'தோட்டத்துப் பேச்சு' என்று சிரித்துவிடுவார்களோ என்று. அது தனி வலி.

பலன் தருவது என்று தெரிந்தவை

இளையோருக்கான போதைச் சிகிச்சையில் நாற்பது வருஷ அனுபவம் உலகத்துக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1989இல் மயாமியில் பெரியவர்களுக்கான போதைப்பொருள் நீதிமன்றம் தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் சிறுவருக்கும் அதே மாதிரி அமைத்தார்கள். தண்டிப்பதற்குப் பதிலாக நீதிபதியே அடிக்கடி கூப்பிட்டு முன்னேற்றத்தைப் பார்ப்பார். பெரியவர்களிடம் ஓரளவு பலித்தது. பிள்ளைகளிடம் பலன் கலவையாகவே வந்தது. நீதிபதியின் கண் மட்டும் போதவில்லை. குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சை கொடுத்த இடங்களில் நிலைமை மேம்பட்டது.

அப்படிப்பட்ட குடும்பச் சிகிச்சை முறை ஒன்றில் சிகிச்சையாளர் பிள்ளையைக் கூப்பிட மாட்டார், அவரே வீட்டுக்குப் போவார். ஒருவருக்கு நாலு முதல் ஆறு குடும்பம். மூன்று முதல் ஐந்து மாதம். தகப்பனின் குடி, பாடசாலைப் பிரச்சினை, கூட்டாளிகள் எல்லாமே அவர் வேலைக்குள் வரும். நம்முடைய நன்னடத்தை உத்தியோகத்தரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார், அவர் மேசையில் இருக்கிற கோப்புகளைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். ஆனால் அந்த முறையின் சாரம் ஆள் கணக்கில் மட்டும் இல்லை. வீட்டுக்குப் போவதில் இருக்கிறது. தோட்டத்தில் வீட்டுக்குப் போகிற ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவைப் பார்க்கிற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், குடும்ப நல மருத்துவ மாது, டிஸ்பென்சரியில் இருக்கிறவர். அந்தப் பையனைத் தொட்டிலில் தெரிந்தவர்கள். அவர்களைப் பயிற்றுவித்து, மாவட்ட வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கோடு போனில் இணைத்துவிட்டால் பாதி வேலை ஊரிலேயே நடக்கும்.

யாரை எங்கே அனுப்புவது என்று பார்க்கவும் எளிய கருவி உண்டு. 'கிராஃப்ட்' என்று ஒரு கேள்விக் கொத்து, ஆறே கேள்வி. போதையில் இருப்பவர் ஓட்டிய வண்டியில் ஏறியிருக்கிறாயா, மனம் இலேசாக வேண்டும் என்று பாவிக்கிறாயா, தனியாக இருக்கும்போது பாவிக்கிறாயா, செய்தது மறந்துபோயிருக்கிறதா, வீட்டாரோ கூட்டாளிகளோ குறைக்கச் சொன்னார்களா, அதனால் வம்பில் மாட்டியிருக்கிறாயா. இரண்டுக்கு ஆம் என்றால் மேலும் பார்க்க வேண்டும். முதல் கேள்வியை நம் பிள்ளைகளிடம் கேட்டால் சிரிப்பு வரும், சம்பள இரவில் டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஓட்டோவில் ஏறிய எல்லோரும் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே கேள்விகளை அப்படியே தமிழாக்கிப் பிரயோசனமில்லை, நம் இடத்துக்கு ஏற்ப உட்கார்ந்து திருத்த வேண்டும். கேட்கத் தனியிடமும் வேண்டும். காம்பராவில் கேட்டால் பதில் சொல்வது அம்மாவாக இருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் இந்தக் கோப்புகளில் அரிதாகவே வருகிறார்கள். இல்லை என்று அர்த்தமில்லை. வீட்டுக்கு வெளியே தெரிந்தால் கலியாணம் போய்விடும் என்று மூடி வைக்கிறார்கள். மூடி வைத்த இடத்தில் சிகிச்சையும் எட்டாது.

இப்போதைக்கு இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதன் சிகிச்சை நிலையங்களில் மலைநாட்டுக்குக் கிட்டியது கண்டியில். ஹட்டனிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர், போக வர ஒரு நாள். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1927. மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. வழக்கு இல்லாமலே இந்த எண்களுக்கு எடுக்கலாம். இதைத் தோட்டத்தில் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். பொலிஸ் பிடித்தால்தான் சிகிச்சை என்று அவ்வளவு ஆழமாகப் பதிந்துபோயிருக்கிறது.

நான் துணைக்குப் போன அந்தப் பையன் கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தான். லயத்தில் 'குடுகாரன்', அதாவது ஹெரோயின்காரன், என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கோயில் திருவிழாவில் காவடிக்குப் பெயர் கொடுக்கப் போனவனை இளைஞர் மன்றத்தில் இழுத்தடித்தார்கள். இருந்தும் ஒரு நாள் அவனாகவே மனநலக் கிளினிக்குக்குப் போனான். அங்கே தமிழ் பேசுகிற டொக்டர் ஒருவர் இருந்தாராம். அரை மணித்தியாலம் பேசிவிட்டு, அடுத்த முறை வரும்போது அம்மாவையும் கூட்டி வரச் சொல்லி மருந்துத் துண்டில் திகதி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து அவன் அம்மா என் வீட்டு இஸ்தோப்பில் வந்து நின்றார். ஒரு கையில் கிளினிக் துண்டு, மற்றக் கையில் பழைய வழக்கின் தவணைத் திகதி எழுதிய தாள். இரண்டையும் நீட்டினார்.

"தம்பி, ரெண்டும் ஒரே நாளுல வருது. எதுக்குப் போறது?"

தவணைக்குப் போகாவிட்டால் பிடியாணை வரும். கிளினிக்குக்குப் போகாவிட்டால் யாரும் தேடி வர மாட்டார்கள்.

"தவணைக்குப் போங்கக்கா" என்றேன்.